குற்றம் தெருவிலா, வீட்டிலா?



இப்பகுதியில் சென்ற மாதம் குடிநீர்த் தொட்டியைத் தூய்மையாக வைத்துக்கொள்வது பற்றி எழுதியிருந்தோம். இம்மாதம் வேறொரு குழாயைப் பற்றி எழுத வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. இக்குழாயில் தண்ணீர் வருவதில்லை. ஆயினும் இது அடைத்துக்கொண்டால் இன்று பல வீடுகளில் உலையேறாது.

அண்மையில் ஒரு ஞாயிறு, இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் ஆலயத்தின் பக்க வாசலில் நமக்காகக் காத்து நின்றார். "சாமி, மகளுடைய வேலை போய்விடும் போலிருக்கிறது" என்றார். மகள் பட்டம் பெற்றவர். சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணக்கு வேலையை வீட்டிலிருந்தபடியே செய்கிறார். தந்தை காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தம்பியின் கல்லூரிப் படிப்பும் வீட்டு வாடகையும் அந்த ஒரு ஊதியத்தில்தான் நடக்கின்றன. இணைய இணைப்போ நாளொன்றுக்குப் பத்து முறை அறுந்துபோகிறது. அலுவலகக் கூட்டம் நடக்கும்போது மகளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் விட்டுவிட்டுக் கேட்கிறதாம். மேலாளர் இருமுறை எச்சரித்துவிட்டார். இணைப்புக் கொடுத்த நிறுவனத்திடம் மூன்று முறை முறையிட்டாயிற்று. மும்முறையும் ஒரே இளைஞர் வந்து, பெட்டியைப் பார்த்து, "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். "அந்தப் பையன்மேல் எழுதிக் கொடுக்கப் போகிறோம். சாமியும் ஒரு வரி எழுதித் தந்தால் மேலிடத்தில் மதிப்பார்கள்" என்று கேட்டுக்கொண்டார்.

நாம் எழுதித் தரவில்லை. இரக்கமின்மையால் அன்று, இதே வகையில் நாமே ஒருமுறை தவறிழைத்தவர்கள். அதை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை.

ஈராண்டுகளுக்கு முன் நம் பங்கு இல்லத்திற்குக் கண்ணாடி இழை இணைப்பு வந்தது. பெட்டியை எங்கே வைப்பது என்று வந்தவர் கேட்டார். ஞானஸ்நானப் பதிவேடுகள் வைத்திருக்கும் இரும்புப் பீரோவின் பின்புறத்தைச் சுட்டிக்காட்டினோம். அழகற்ற பொருள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்பது நம் எண்ணம். நமக்குச் சமைத்துப் போடும் அம்மா, தூசு படியாதிருக்க, அதன்மேல் பின்னல் துணி ஒன்றையும் போர்த்தி வைத்தார். சில நாட்களிலேயே அலுவலக அறையில் இணையம் தள்ளாடத் தொடங்கிற்று. மறைமாவட்டக் குருக்களின் இணையவழிக் கூட்டம் ஒன்றில் நம் முகம் வாய் திறந்தபடியே நான்கு நிமிடம் உறைந்து நின்றதாம். இன்றும் அதை நினைவூட்டி மகிழும் நண்பர்கள் நமக்கு உண்டு. நாம் நிறுவனத்தை அழைத்தோம். வந்த இளைஞரைக் கடிந்துகொண்டோம். அவர் "பெட்டி இருக்கும் இடம் சரியில்லை, ஃபாதர்" என்று தொடங்கியபோது, சாக்குச் சொல்கிறார் என்று இடைமறித்தோம். அவர் போனபின் அவர் பெயரைக் குறிப்பிட்டே ஒரு புகாரும் பதிவு செய்தோம். பின்னர், கணினி படித்த நம் பங்கு இளைஞர் ஒருவர் வந்து துணியை எடுத்தெறிந்து, பெட்டியைப் பீரோவின் பின்னிருந்து மீட்டு, பழைய மரப்பெட்டி ஒன்றின்மேல் உயர வைத்தார். கோளாறு அன்றோடு நின்றது. இரும்பும் துணியும் செய்த குற்றத்துக்குக் கூலிக்கு உழைக்கும் ஒரு பிள்ளை பழி சுமந்தார்.

ஆகவே தாயிடம், "எழுதுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவோம், அம்மா" என்று சொல்லி, மறுநாள் மாலை அதே பங்கு இளைஞரை அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டிற்குச் சென்றோம். அங்கே கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

இணையம் நம் கைக்கு வந்து சேருமுன் மூன்று வழித்துண்டுகளைக் கடக்கிறது. முதலாவது, நிறுவனத்தின் நிலையத்திலிருந்து தெருக் கம்பங்கள் வழியாக நம் சுவர் வரை வரும் கண்ணாடி இழை. இரண்டாவது, அந்த இழை வந்து சேரும் பெட்டியும் அதனோடுள்ள ரூட்டரும். பல வீடுகளில் இவ்விரண்டும் ஒரே பெட்டிதான். மூன்றாவது, அப்பெட்டியிலிருந்து நம் கைப்பேசி வரையுள்ள வெட்டவெளி. மூன்றில் எது பழுதானாலும் திரையில் தெரிவது ஒன்றே: வட்டம் சுழன்றுகொண்டிருக்கும். வயிற்றுவலி என்று வரும் நோயாளியிடம் எந்த இடத்தில் வலிக்கிறது என்று மருத்துவர் தொட்டுப் பார்ப்பதுபோல, முதலில் பழுது எந்தத் துண்டில் இருக்கிறது என்று பிரித்தறிய வேண்டும். அதைச் செய்யாமல் பெட்டியை அணைப்பதும் போடுவதும், நிறுவனத்தை மாற்றுவதும், இருட்டில் கல்லெறிவதே.

முதல் துண்டைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். பெட்டியின் விளக்குகளைப் பார்த்தால் போதும். 'பி.ஓ.என்.' என்று குறித்த விளக்கு அசையாமல் பச்சையாய் எரிந்தால், நிலையத்தோடு தொடர்பு இருக்கிறது. 'எல்.ஓ.எஸ்.' என்று குறித்த விளக்கு சிவப்பாய் மின்னினால், இழை வழியே ஒளி வரவில்லை என்று பொருள். அப்போது வீட்டுக்குள் நாம் என்ன செய்தாலும் பயனில்லை. புகார் கொடுக்க வேண்டியதுதான். சாலை தோண்டும்போது வெட்டுண்டிருக்கலாம். எலியோ அணிலோ கடித்திருக்கலாம். சில ஊர்களில் குரங்கு இழுத்திருக்கும். அந்த இழையின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி ஓடும் உட்கருவோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாது. மேலுறையின் தடிமனைக் கண்டு நாம் ஏமாந்துவிடக் கூடாது. ஒரு வேண்டுகோள்: இழை கழன்று கிடந்தால் அதன் நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் பார்க்க விடாதீர்கள். அதில் ஓடும் ஒளி கண்ணுக்குப் புலப்படாத லேசர் ஒளி. தெரியவில்லை என்பதால் இல்லை என்றாகிவிடாது.

தாயின் வீட்டில் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. அடுத்து, பங்கு இளைஞர் தம் மடிக்கணினியை வைஃபை இல்லாமல் ஒரு லேன் கம்பியால் நேராகப் பெட்டியோடு இணைத்தார். இந்த ஒரு சோதனையைத்தான் வாசகர்கள் மறவாமல் மனத்தில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம். கம்பி வழி அளந்தால் வெட்டவெளி கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. அவர்கள் பணம் செலுத்துவது வினாடிக்கு 40 மெகாபிட் திட்டத்துக்கு. கம்பியில் 39 வந்தது. பின் மகள் வேலை செய்யும் உள்ளறைக்குச் சென்று வைஃபை வழி அளந்தார், 4 வந்தது. தாய் நம்மைப் பார்த்தார். நாம் சுவரைப் பார்த்தோம். "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று மும்முறை சொன்ன பையன் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த இடம்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கைச் சொல்லிவைக்கிறோம், ஏனெனில் இதனால் வீண் சண்டைகள் நடக்கின்றன. நிறுவனம் பேசுவது மெகாபிட்; நம் கணினி கோப்பை இறக்கும்போது பெரும்பாலும் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆதலால் 40 மெகாபிட் இணைப்பில் திரை 5 என்று காட்டினால் அது முழு அளவே. யாரும் எட்டில் ஏழு பங்கைத் திருடிவிடவில்லை. மற்றொன்று: 200, 300 என்று பெரிய திட்டம் எடுத்தும் கம்பியில் 94க்கு மேல் ஏறவில்லை என்றால், ரூட்டரின் வாயையோ கம்பியையோ ஐயப்படலாம். பழைய ரூட்டர்களின் வாய் 100 மெகாபிட்டுக்கு மேல் விழுங்காது. புதிய ரூட்டராயினும் லேன் கம்பிக்குள்ளிருக்கும் எட்டு இழைகளில் ஒன்று அறுந்திருந்தால் அதே 100க்கு இறங்கிவிடும். நூற்றைம்பது ரூபாய்க் கம்பியை மாற்றாமல், மாதந்தோறும் பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டுவோர் உண்டு.

சரி, தாயின் வீட்டுப் பெட்டி எங்கே இருந்தது? முன்னறையில், தொலைக்காட்சியின் பின்னே, தரையோரம். அதற்கும் மகளின் மேசைக்கும் நடுவில் இரண்டு ஒன்பதங்குலச் செங்கற் சுவர்கள், ஒரு குளிர்சாதனப் பெட்டி, நிலைக்கண்ணாடி பதித்த ஓர் இரும்புப் பீரோ. வைஃபை என்பதும் வானொலி அலையே. செங்கல் அதைத் தளர்த்தும். கம்பி போட்ட காங்கிரீட் இன்னும் தளர்த்தும். இரும்பும் நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும் அதைத் திருப்பியடிக்கும். தண்ணீர் அதை உறிஞ்சும். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மறுபுறம் அமர்ந்துகொண்டு இணையம் வரவில்லை என்று வருந்துவோர் நாற்காலியைச் சற்று நகர்த்திப் பார்க்கலாம்.

அலையிலும் இருவகை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும், ஆனால் சந்தைக்கடை. அதில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் 1, 6, 11 என மூன்றே. அடுக்ககத்தில் இருபது வீட்டு ரூட்டர்களும் அந்த மூன்றில்தான் இடித்துக்கொண்டு நடக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே அலைவரிசையில் வேலை செய்வதால், பாலைச் சூடாக்கும் இரண்டு நிமிடம் படம் நிற்பதை நீங்களே கண்டிருக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அகன்ற சாலை. விரைவு மிகுதி, நெரிசல் குறைவு, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். பெட்டி இருக்கும் அறையிலேயே வேலை செய்வோர் 5ஐத் தேர்ந்துகொள்க. இரண்டு சுவர் தாண்டி இருப்போர் 2.4ஓடு பொறுத்துப்போக வேண்டும், அல்லது பெட்டியை நகர்த்த வேண்டும்.

நகர்த்துவது என்றதும் தாய் தயங்கினார். வீட்டின் நடுவில் பொருத்தமான உயரத்தில் இருந்த ஒரே இடம், இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழுள்ள மரப்பலகை. "அங்கே வைக்கலாமா, சாமி?" என்று கேட்டார். மெழுகுதிரி படாத தொலைவில் வைத்தால் ஆண்டவருக்கு மறுப்பேதும் இராது என்றோம். நிறுவனத்துப் பையனையே அழைத்து, இழையை அதிகம் வளைக்காமல் சுவரோரம் நீட்டிக் கொண்டுவரச் செய்தார்கள். அரைமணி வேலை. மகளின் மேசையில் 4 இருந்த இடத்தில் 31 வந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் இக்கட்டுரையும் பாதியோடு முடிந்திருக்கும். நான்காம் நாள் மகளே தொலைபேசியில் அழைத்தார். "பகலெல்லாம் நன்றாக இருக்கிறது, ஃபாதர். மாலை ஆறரைக்கு மேல் கூட்டம் வந்தால் மறுபடியும் குரல் அறுகிறது. அளந்து பார்த்தால் வேகம் ஓரளவுக்கு இருக்கிறது" என்றார். குழாய் அகலமாய்த்தான் இருக்கிறது. தண்ணீர் ஏன் தாமதமாய் வருகிறது?

இதற்கு விடை சொல்ல, சற்றுத் தொலைவாய் அமெரிக்கா வரை போய்வர வேண்டும். 1986 அக்டோபரில், கலிஃபோர்னியாவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருந்த இணைய வழி திடீரெனத் தளர்ந்தது. இரண்டுக்கும் இடைத்தூரம் 400 கஜம். நடந்தால் சில நிமிடம். வினாடிக்கு 32,000 பிட் சென்றுகொண்டிருந்த அவ்வழியில் 40 பிட்டே சென்றது. அதாவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. கம்பி எங்கும் அறுபடவில்லை; யாரும் எதையும் உடைக்கவில்லை. வான் ஜேக்கப்சன் என்னும் ஆய்வாளர் அதன் காரணத்தைத் தேடினார். கணினிகள் அனுப்பிய பொட்டலங்கள் வழியிலுள்ள நெரிசலில் தாமதமாயின. பதில் வரவில்லையே என்று பொறுமையிழந்து அவையே மீண்டும் மீண்டும் அதே பொட்டலங்களை அனுப்பின. அனுப்ப அனுப்ப நெரிசல் பெருகிற்று. ஒவ்வொரு கணினியும் மெல்லத் தொடங்கி, வழி இடம் கொடுக்கும் அளவுக்கே வேகத்தைக் கூட்டி, நெரிசல் அறிகுறி கண்டதும் பின்வாங்கும் முறையை அவரும் மைக்கேல் கேரல்சும் வகுத்து 1988இல் வெளியிட்டார்கள். இன்று உலக இணையம் மூச்சுவிடுவது அந்த ஒழுங்கின் பயனால்தான் என்றால் மிகையாகாது.

ஆயினும் வேறொரு பக்கத்திலிருந்து தொல்லை வந்தது. நினைவகச் சில்லுகள் மலிவாகிவிட்டதால், பெட்டி செய்வோர் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பெரிய காத்திருப்புக் கூடங்களைக் கட்டிவைத்தனர். பொட்டலம் எதையும் திருப்பி அனுப்பாமல் உள்ளே வாங்கி வரிசையில் நிறுத்திக்கொண்டன அப்பெட்டிகள். நெரிசலின் அறிகுறியே வெளியே தெரியாததால் அனுப்பும் கணினி பின்வாங்கவில்லை. வரிசையோ நீண்டுகொண்டே போயிற்று. 2010ஆம் ஆண்டு வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியாளர், தம் வீட்டு இணைப்பில் இதைக் கண்டு ஆராய்ந்து, 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டார். காத்திருப்புக் கூடத்தின் வீக்கம் என்று நாம் சொல்லலாம். நியாய விலைக் கடையை எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஐம்பது மூட்டை ஏற்ற வந்து வரிசையின் முன்னே நிற்கிறார். பின்னால், ஒரு பாக்கெட் உப்பு வாங்க வந்த பாட்டி. கடை வேகமாகத்தான் எடை போடுகிறது. பாட்டிக்கு மட்டும் பொழுது சாய்ந்துவிடுகிறது. மகளின் குரல் அந்த உப்புப் பாக்கெட். குரலுக்கு அகலமான வழி வேண்டியதில்லை. தாமதமில்லாத வழி வேண்டும்.

அப்படியானால் ஐம்பது மூட்டைக்காரர் யார்? அதைக் கண்டுபிடிக்க 'பிங்' என்னும் எளிய கட்டளை உண்டு. ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பி, அது திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று மில்லிவினாடிகளில் காட்டும். நம் இளைஞர் மாலையில் மீண்டும் சென்று அதை ஓடவிட்டு அமர்ந்தார். 12, 13, 12 என்று வந்துகொண்டிருந்தது. ஆறரை மணிக்குத் தம்பி கல்லூரியிலிருந்து வந்து, காலணியைக் கழற்றி, உள்ளே நுழைந்தார். எண் 600ஐத் தாண்டிற்று! வியப்பொன்றுமில்லை. தம்பிக்கு மட்டைப்பந்தாட்டத்தில் பற்று மிகுதி. நண்பர்கள் ஆடுவதையெல்லாம் கைப்பேசியில் படம் பிடிப்பவர். வீட்டு வைஃபை கிடைத்ததும் அன்றைய படங்கள் அனைத்தையும் கைப்பேசி தானாகவே மேலே சேமிப்பகத்துக்கு ஏற்றத் தொடங்கிவிடும். அக்காளின் கூட்டமும் அதே வேளை. தம்பிக்கு இது தெரியாது. தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. படங்கள் ஏறுவதை நள்ளிரவுக்குப் பின் கையாலேயே தொடங்கிக்கொள்வதாய் ஒப்புக்கொண்டார். கண்காணிப்புக் கேமரா பொருத்திய வீடுகளிலும் இதே தொல்லை உண்டு. அது உறங்காமல் மேலே அனுப்பிக்கொண்டேயிருக்கும். பணமிருப்போர், வரிசையைத் தானே ஒழுங்கு செய்யும் திறமுள்ள ரூட்டர் வாங்கலாம். அல்லாதோர் வீட்டுக்குள் பேசி ஒழுங்கு செய்துகொள்ளலாம்.

பேச்சோடு பேச்சாய்: நம் பங்கு இல்லத்தின் கடவுச்சொல் பங்கிலுள்ள பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியும் என்பதை நாம் அண்மையில்தான் அறிந்தோம். மாலையில் ஆலயப் படிக்கட்டில் இத்தனை இளைஞர் அமர்ந்திருப்பது பக்தியினால் என்று எண்ணி மகிழ்ந்திருந்தோம்.

வீட்டுக் குற்றங்களையே அடுக்கிவிட்டோம். நிறுவனங்கள் அனைத்தும் மாசற்றவை என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் அனுபவம் இங்கு நினைவுக்கு வருகிறது. அவர் வீட்டு இணைப்பு இரவெல்லாம் தடுமாறும். காலையில் தானே சரியாகிவிடும். பகல் பதினொரு மணிக்குப் பணியாளர் வந்து பார்த்தால் பச்சை விளக்கு சிரித்துக்கொண்டிருக்கும். நாற்பதாண்டுகள் வருகைப் பதிவேடு எழுதிய கை அவருடையது. ஒரு குறிப்பேட்டை எடுத்துக் கோடிட்டு, நாள், மணி, விளக்கின் நிறம் ஆகியவற்றைப் பதினொரு நாள் எழுதினார். பதினொரு நாளும் கோளாறு தொடங்கியது மாலை ஆறு மணியை ஒட்டி. ஆறு மணிக்கு வீட்டில் என்ன நடக்கிறது? கொசு வருமுன் அவர் மனைவி சன்னல்களைச் சாத்துகிறார். இணைப்புக் கொடுத்தவர்கள், சுவரில் துளையிடச் சோம்பி, இழையைச் சன்னல் இடுக்கு வழியாகவே உள்ளே விட்டிருந்தார்கள். கதவு சாத்தும்போதெல்லாம் அது மடங்கி நசுங்கிற்று. குறிப்பேட்டைக் கண்டபின் மாலையில் வந்த பணியாளர் ஒளியளக்கும் கருவியை வைத்துப் பார்த்தார். சன்னல் திறந்திருக்கையில் −21, சாத்தியதும் −29. இவ்வகைப் பெட்டிகள் பொதுவாக −27 வரைதான் தாங்கும். எண் அதைத் தாண்டிக் கீழிறங்கினால் ஒளி போதாமல் தடுமாறும். சுவரில் ஒரு துளை, இழைக்கு ஒரு தேநீர்க் கோப்பையின் வட்டத்துக்குக் குறையாத வளைவு, வேலை முடிந்தது. அந்தக் குறிப்பேடு இல்லையேல், பகலில் வரும் பணியாளரும் இரவில் வாடும் ஆசிரியரும் ஒருவரையொருவர் பொய்யர் என்று எண்ணியபடியே காலம் கழித்திருப்பார்கள்.

குறிப்பேடு வேறொன்றுக்கும் உதவும். கம்பியிலேயே அளந்தும், இரவு எட்டு முதல் பதினொன்று வரை வேகம் படுத்து, விடியற்காலை ஐந்துக்கு நிமிர்ந்தால், குற்றம் தெருவுக்கு அப்பால்தான். இன்று வீடுகளுக்கு வரும் பெரும்பாலான இழைகளில், வினாடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட் கொண்ட ஒரே தாய் இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கப்படுகிறது. அதற்கும் மேலே நிறுவனம் வாங்கி வைத்திருக்கும் மொத்த அகலம் குறைவாயிருந்தால் எல்லாரும் படம் பார்க்கும் நேரத்தில் எல்லாருமே வாடுவார்கள். விளம்பரத்தில் '100 மெகாபிட் வரை' என்றிருக்கும். 'வரை' என்னும் அச்சிறு சொல்லைப் படித்துக் கையெழுத்திட்டவர் அரிது. மாத அளவு தீர்ந்தபின் வேகத்தைக் குறைத்துவிடும் திட்டங்களும் உண்டு. மாதக் கடைசியில் மட்டும் தளர்ந்தால் முதலில் அதைப் பாருங்கள். நம் நாட்டில் எவ்வளவு வேகமிருந்தால் அகண்ட அலைவரிசை என்று அழைக்கலாம் என்பதற்கு அரசின் வரையறை இருக்கிறது. 2004இல் அது 256 கிலோபிட், 2013இல் 512, 2023 சனவரியில் 2 மெகாபிட் ஆயிற்று. நாம் காசு கொடுக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் அது மிகத் தாழ்ந்த வாசற்படி. அதை மட்டும் நம்பி நியாயம் கேட்க முடியாது. நியாயம் கேட்க நாள், மணி, கம்பியில் அளந்த எண் ஆகியவை வேண்டும். புகார் கொடுத்தால் அதற்குரிய பதிவு எண்ணைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்க. தீர்வு நிறைவளிக்கவில்லையெனில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012இல் வகுத்த விதிகளின்படி, நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்ல உங்களுக்கு உரிமையுண்டு. அந்த எண் கையில் இல்லாமல் அங்கே போவது, சீட்டில்லாமல் மருத்துவமனை வரிசையில் நிற்பதுபோல.

பெட்டியை அணைத்துப் போடும் பழக்கத்தைப் பற்றி ஒரு சொல். அது மூடநம்பிக்கை அன்று. அரை நிமிடம் அணைத்துவைத்தால் பெட்டி தன் குழப்பங்களை மறந்து புதிதாய்த் தொடங்குகிறது. ஆனால் நாள்தோறும் அப்படிச் செய்ய வேண்டியிருந்தால் பெட்டிக்கு நோய் இருக்கிறது என்று கொள்க. பெரும்பாலும் சூடு, அல்லது மின்சாரம் ஊட்டும் சிறு அடாப்டர் நலிந்திருக்கும். மின்தடைக்குப்பின் பெட்டி மீண்டு எழச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், வீட்டிலிருந்து வேலை செய்வோர் பெட்டிக்கென்றே சிறு மின்கலச் சாதனம் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

அந்த மகளின் வேலை நிலைத்தது. மூன்றாம் எச்சரிக்கை வரவில்லை. தாய் எழுதவிருந்த கடிதமும் எழுதப்படவில்லை.

நாம் எழுதிய புகார் என்னவாயிற்று? தாயின் வீட்டுக்குப் போய்வந்த மறுநாள், நிறுவனத்தை அழைத்து அதைத் திரும்பப் பெற விரும்புவதாகச் சொன்னோம். "அது முடிக்கப்பட்டு ஈராண்டு ஆகிறது, சார்" என்றது ஒரு குரல். முடிக்கப்பட்டது எங்கள் பக்கம்தான். சில நாட்களில் நம் தெருவில் ஏணியோடு வந்த அந்த இளைஞரை நிறுத்தி விசாரித்தோம். தம் பெயரில் புகார் பதிவானால் அம்மாத ஊக்கத்தொகை கிடையாது என்றார், அம்மாதம் கிடைக்கவில்லை. எவ்வளவு என்று கேட்டோம், சொல்ல மறுத்தார். வற்புறுத்திக் கேட்டபின் சொன்னார். கொடுத்ததை வாங்க மறுத்துக் கையைப் பின்னே கட்டிக்கொண்டார். மன்னிப்பைக் கேட்டோம், அதை வாங்கிக்கொண்டார். பிறகு ஏணியைத் தோளில் மாற்றிக்கொண்டு, "பெட்டி இப்போது எங்கே இருக்கிறது, ஃபாதர்?" என்று கேட்டார்.

மரப்பெட்டியின் மேல் என்றோம்.

"துணி?"

எடுத்தாயிற்று என்றோம்.